ஸர் கே. எஸ். கிருஷ்ணன்

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழ்வோர் யாவரும் ஓர் உண்மையை நன்கறிவர். உப்பைத் திறந்து வைத்தால் கடற்காற்றின் ஈரம்பட்டு அது கசிந்துவிடும். கண்ணுக்குப் புலனாகாத நீர் ஒரு பொருளின் இயல்பையே மாற்ற வல்லது. இத்தகைய அற்பக் கலப்புகளை விலக்குவதற்கே பல்லாண்டு உழைத்து, அவ்வுழைப்பால் ஒரு பேருண்மை வெளிப்படத் துணைநின்ற தமிழர் ஒருவரது சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கலாசாலையிலும், பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் பயின்றார். 1937-இல் தாம்பரம் செல்லுமுன் அக்கலாசாலை துறைமுகத்துக்கு அண்மையில், ஜார்ஜ் டவுனில் விளங்கியது. அங்கேயே அவர் இரசாயனத் துறையில் டிமான்ஸ்டிரேட்டராக அமர்ந்தார். பகலுணவு வேளையில் மாணவர் அவரைச் சூழ்ந்துகொண்டு பௌதிகத்திலும் கணிதத்திலும் தமக்குற்ற ஐயங்களை வினவுவர். அவரும் சலியாது விடையளிப்பர்.

1920-இல் கல்கத்தா சென்ற அவர், 1923-இல் ஸர் ஸி. வி. ராமனின் ஆராய்ச்சிக்கூடத்திற் சேர்ந்தார். திரவங்களினூடே செல்லும் ஒளி சிதறுவதை ஆராய்வதே அங்கு அவரது பணி. அதில் நிறம் மாறிய மெல்லொளி ஒன்றும் உடன் தோன்றிற்று. அது திரவத்திற் கலந்த அழுக்கின் விளைவாயிருக்கலாமென்ற ஐயம் எழுந்தது. ஐயத்தைத் தீர்க்க வழி ஒன்றே: அழுக்கை நீக்கிப் பார்த்தல். காற்றகற்றிய கண்ணாடிக் கலங்களில் திரவங்களை மெதுவாக, மீண்டும் மீண்டும் வாலைவடித்தார். கலப்பே காரணமாயின், தூய்மை மிகமிக அவ்வொளி மங்கவேண்டும். அது மங்கவில்லை! ஆகவே அது அழுக்கின் செயலன்று, அணுத்திரளைகளின் இயல்பே என்பது 1928-இல் தெளிவாயிற்று. இதனை முதன்முதல் அறிவித்த கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரும் இருந்தன. ஆயினும் 1930-இல் நோபல் பரிசு ராமன் ஒருவர்க்கே கிடைத்தது. கிருஷ்ணன் அதுகுறித்துப் பொதுவில் வழக்காடினாரல்லர். தம் பணியிலேயே ஊன்றி நின்றார்.

டாக்காவிலும், மீண்டும் கல்கத்தாவிலும் அவர் படிகங்களை ஆராய்ந்தார். சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது திரும்பும் அளவைக் கண்டு, அதன் உள்ளமைப்பை உணர்ந்தார். 1940-இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1947-இல் தேசீய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்று, 1961-இல் காலமாகும்வரை அதனை நடத்தினார்.

அவர் காட்டிய எச்சரிக்கை இன்றும் பயன் தருகின்றது. லித்தியம் நியோபேட் என்னும் படிகத்தை உருகிய பென்ஸாயிக் அமிலத்தில் அமிழ்த்தினால், படிகத்தின் மேற்பரப்பினின்று லித்தியம் வெளியேற, அமிலத்தின் புரோட்டான்கள் அவ்விடம் புகுகின்றன. அம்மெல்லிய படலத்தில் ஒளியை வளைக்கும் திறன் மிகுதலால், வாய்க்காலில் நீர்போல ஒளி அதனுள் அடங்கி ஓடும். ஆனால் அமிலத்திற் சிறிதளவு நீர் கலந்திருப்பினும் அதன் அமிலத்தன்மை மாறும். ஒருநாள் செய்த படலம் மறுநாள் செய்ததனோடு ஒவ்வாது. இக்காரணத்தால் ஆராய்ச்சியாளர் கலத்தை வெற்றிடமாக்கி ஈரத்தை நீக்குகின்றனர். கிருஷ்ணனும் காற்றகற்றிய கலங்களையே நாடினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

விடையைத் தேடுமுன் கலத்தைத் தூய்மை செய்தல் வேண்டும். நம் இளைஞர் இச்சரிதத்தினின்று பெறத்தக்க பாடம் இதுவே என்போம்.