பதக்கத்தைப் பற்றிப் பேசாத படைவீரர்

ஒரு கண்ணும் ஒரு கையும் இழந்த பின்னும் ஒருவர் போர்க்களத்தில் நிற்க முடியுமா? நின்று காட்டியவர் ஏட்ரியன் கார்ட்டன் டி வியார்ட். பிரித்தானியப் படையில் இரண்டு உலகப் போர்களிலும் பணியாற்றியவர் இவர்.

1880ம் ஆண்டு மே 5ம் தேதி பெல்ஜியத்தின் பிரசல்சில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். புனித ஜான் ஹென்றி நியூமன் நிறுவிய ஆரட்டரி பள்ளியில் பயின்றார். பின்னர் ஆக்ஸ்போர்டு படிப்பைப் பாதியில் விட்டு, பெயரையும் வயதையும் மாற்றிச் சொல்லி, தென்னாப்பிரிக்கப் போருக்குச் சென்றார்.

1914ல் சோமாலிலாந்தில் இடது கண்ணை இழந்தார். 1915ல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் இடது கையையும் இழந்தார். ஆயினும் படைப்பணியை விட்டு விலகவில்லை. 1916 ஜூலை 2, 3 தேதிகளில் பிரான்சின் லா புவாசெல் ஊரில் கடும் சண்டை நடந்தது. மற்ற மூன்று படைப்பிரிவுகளின் தலைவர்களும் வீழ்ந்தபோது, தம் பிரிவோடு அவற்றையும் சேர்த்து நடத்தினார். கையெறி குண்டுகளின் ஊசியைப் பற்களால் இழுத்து, இருந்த ஒரு கையால் வீசினார். அதற்காக, பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார்.

இரண்டாம் உலகப் போரிலும் அவர் ஓயவில்லை. 1940ல் நார்வேயில் நாம்சோஸ் நகரிலிருந்து தம் படைகளைக் கடல்வழியே மீட்டு வந்தார். 1941ல் அவர் சென்ற விமானம் லிபியாவுக்கு அருகே கடலில் விழ, நீந்திக் கரைசேர்ந்து இத்தாலியரிடம் கைதியானார். பிளாரன்ஸ் அருகே உள்ள வின்சிலியாத்தா கோட்டைச் சிறையில், சக கைதிகள் ஏழு மாதங்கள் சுரங்கம் தோண்டினர். 1943 மார்ச் மாதம் அதன் வழியே தப்பி, குடியானவர் வேடத்தில் எட்டு நாட்கள் நடந்து, மீண்டும் பிடிபட்டார். அப்போது அவருக்கு வயது 62. அதே ஆண்டு விடுதலை பெற்று, பிரித்தானியப் பிரதமர் சர்ச்சிலின் பிரதிநிதியாகச் சீனா சென்றார். 1963 ஜூன் 5ம் தேதி அயர்லாந்தில் இறந்தார்.

போரை விரும்பிய மனிதர் அவர். அதை அவர் மறைக்கவும் இல்லை. அந்த விருப்பம் நமக்கு முன்மாதிரி அல்ல. ஆனால் 1950ல் வெளியான அவரது தன்வரலாற்று நூலில், விக்டோரியா கிராஸ் பெற்றதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த விருது தம்மோடு நின்ற ஒவ்வொரு வீரருக்கும் உரியது என்பதே அவர் எண்ணம்.

ஆலயத்திற்கு ஒரு மின்விசிறி கொடுத்தாலும் அதன் இறக்கையில் பெயர் எழுதி வைக்கும் நமக்கு, இந்த மௌனம் ஒரு பாடம். நாம் செய்த நன்மைகளில், யாரிடமும் சொல்லாமல் விட்டது எத்தனை? சிந்திப்போம்.