ஆற்றின் கிளைகளைக் கற்ற அறிஞர்: சேர் ஆர்தர் காட்டன்

மரத்தின் கிளையிலும் தேயிலையின் நரம்பிலும் ஒரே முறைமை விளங்கக் காண்கிறோம். பெரியதொன்று பலவாய்ப் பிரிந்து கடைக்கோடிவரை நீரூட்டுகின்றது. கடலை அணுகும் பேராறும் அவ்வாறே பிரிகின்றது. அப்பிரிவையே பாடமாகக் கொண்டு நாடு வாழ வழி கண்ட ஒருவரின் வரலாற்றை இளைஞர்முன் வைக்க விழைகிறோம்.

1803இல் இங்கிலாந்திற் பிறந்த ஆர்தர் காட்டன், பதினெட்டாம் வயதில் இராணுவப் பொறியியலாளராகச் சென்னை வந்தார். அந்நாளில் தஞ்சை வளநாடு நீரின்றி வாடிக்கொண்டிருந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பிற் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடகிளையாகிய கொள்ளிடம் சரிவு மிகுந்தது. கடலுக்குக் குறுகிய வழியுடையது. ஆதலின் நீர் அதனையே நாடிற்று. காவிரியிலோ வேகம் குன்றி, மணல் படிந்து, தலைப்புத் தூர்ந்தது.

காட்டன் முதலிற் கல்லணையை ஆராய்ந்தார். கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் அவ்வணை, பாறை எட்டாத மணற்படுகையிலும் அணை நிற்கும் என்பதை அவருக்குக் கற்பித்தது. அத்துணிவோடு 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையை எழுப்பினார். நீர் காவிரிக்குத் திரும்பிற்று. ஆனால் அளவு மீறிப் பாய்ந்து படுகையை அரிக்கவே, பின்னர் காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு வேண்டியதாயிற்று. ஒரு கிளையைத் தொட்டால் மறுகிளையும் மாறும் என்பது இதனாற் புலனாகும்.

1847 முதல் 1852 வரை கோதாவரியில், தவளேசுவரத்தில், அடுத்த அணை எழுந்தது. அங்கே ஆறு தீவுகளால் நான்காகப் பிரிந்திருந்தது. அத்தீவுகளையே துணையாக்கி அணையையும் நான்கு பகுதிகளாக அமைத்தார். கழிமுகத்தில் வண்டல் படிந்து ஆற்றோரம் மேடாகும். மேட்டில் ஓடும் கால்வாயிலிருந்து நீர் தாழ்நிலத்திற்குத் தானே இறங்கும். பெருங்கால்வாய், கிளைக்கால்வாய், வாய்க்கால் எனப் பிரிந்து அது வயலை அடைந்தது. பஞ்சத்தால் நலிந்த அந்நாடு நெற்களஞ்சியமாயிற்று.

1861இல் அவர் சேர் பட்டம் பெற்றார். இருப்புப்பாதையினும் நீர்ப்பாசனத்திற்கே முதலிடம் வேண்டுமென ஓயாது வாதாடினார். அரசினர் போதிய அளவு செவிசாய்த்திலர். 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. வாய்க்கால் எட்டாத வறண்ட ஊர்களிலிருந்து எம்முன்னோர் பலர் கடல் கடந்து இம்மலைநாட்டை அடைந்தனர். காட்டன் 1899இல், 96ஆம் வயதில் மறைந்தார்.

ஊவா மலைச்சரிவில் பெய்யும் மழை, தோட்டத்துக் கான்களில் இறங்கி, ஓடைகளாய்க் கூடி, பதுளை ஓயா வழியே மகாவலியை அடைகின்றது. அங்கே ஒன்று பலவாயிற்று. இங்கே பல ஒன்றாகின்றன. நீர் சரிவைத் தேடும் விதி ஒன்றே. மண் கரையாமற் கான் வெட்டும் நம்மவர் கைகள் அவ்விதியை நன்கறியும். அக்கைகளின் பிள்ளைகள் பொறியியலும் கற்பாராயின், நீர் எட்டாத ஊர் என்று ஒன்று இல்லாதொழியும். இளைஞர்காள், அதற்கு முந்துவீர்!