தினமும் 7 மணி நேரம் பியானோ பயிற்சி: ஷூமனின் விரலுக்கு என்ன ஆச்சு?

1830 அக்டோபர். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பியானோ ஆசிரியர் ஃபிரீட்ரிஷ் வீக்கின் வீட்டுக்கு 20 வயது இளைஞர் ஒருவர் குடிவந்தார். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர். அப்பா புத்தக வியாபாரி, இறந்து 4 வருடம் ஆகியிருந்தது. மகன் வக்கீலாகி செட்டில் ஆவான் என்று நம்பியிருந்த அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. அந்த இளைஞர்தான் ராபர்ட் ஷூமன்.

அம்மாவைச் சமாதானப்படுத்தியது வீக் எழுதிய கடிதம். 3 வருடத்தில் உங்கள் மகனைப் பெரிய பியானோ கலைஞராக்கிக் காட்டுகிறேன் என்பது அதன் சாரம். ஆனால் கூடவே நிபந்தனைகளும் இருந்தன. தினமும் ஒழுங்காகப் பாடம், பொறுமையாக இசைக் கோட்பாட்டுப் படிப்பு, முதலில் 6 மாதம் சோதனை. ஷூமனுக்கு அந்த 3 வருடம் என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது போல. அதே ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் ஃபிராங்ஃபர்ட்டில் வயலின் மேதை பாகனினியின் கச்சேரியைக் கேட்டிருந்தார். அந்த வேகம், அந்த மாயம் தன் விரல்களுக்கும் வேண்டும் என்ற ஆசை. சிறுவயதிலிருந்தே வாசித்தவர்தான், ஆனால் முறையான பயிற்சிக்கு லேட்டாகிவிட்டது என்ற பயம். விளைவு, ஒரு நாளைக்கு 6, 7 மணி நேரம் வரை பியானோ முன்னாலேயே உட்கார்ந்தார்.

அதே வீட்டில் இன்னொரு மாணவியும் இருந்தார். வீக்கின் மகள் கிளாரா, வயது 11. லைப்சிக்கின் புகழ்பெற்ற கேவான்ட்ஹவுஸ் அரங்கில் 9 வயதிலேயே மேடை ஏறியவர். இவருடைய பயிற்சி முறையே வேறு. ஆரம்பத்தில் இசைக்குறிப்பைப் பார்க்காமல் காதால் கேட்டு வாசிக்கத்தான் வீக் பழக்கினார். தினம் ஒரு மணி நேரம் பாடம், அளவோடு பயிற்சி, கட்டாயமாகத் திறந்த வெளியில் நீண்ட நடை. பாட்டு, இசைக் கோட்பாடு, மற்றவர்களின் கச்சேரிகளைக் கேட்பது எல்லாம் பாடத்திலேயே அடக்கம். வீக் அன்பான அப்பா என்று சொல்லிவிட முடியாது. மகள் பெயரில் டைரியைக்கூட அவரே எழுதும் அளவுக்குக் கட்டுப்படுத்தினார். ஆனால் விரல்கள் களைத்த பிறகு வாசிப்பதில் லாபமில்லை என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு முறைகளும் 1831-ல் நேருக்கு நேர் மோதின. மொஸார்ட்டின் ஆப்பரா பாட்டு ஒன்றை வைத்து ஷோபன் எழுதிய வேரியேஷன்ஸ் அப்போது புதுசு, விரலைப் பதம் பார்க்கும் கஷ்டமான படைப்பு. ஷூமன் அதை மணிக்கணக்கில் போட்டு இடித்தார். ஒரு நாள் நன்றாக வரும், மறுநாள் கலைந்துபோகும், டைரியில் புலம்புவார். கிளாரா அதை 8 நாளில் கற்றுக்கொண்டார்.

குறுக்குவழி தேடுவதற்கு இது போதாதா? விரலைக் கட்டிவைத்துப் பலப்படுத்தும் ஒரு கருவியை ஷூமன் பயன்படுத்தினார். 1832-ல் அவரது டைரியிலேயே அதைப் பற்றிய குறிப்பு வருகிறது. தன் எச்சரிக்கையை மீறி, முதுகுக்குப் பின்னால் ஒரு மாணவர் இப்படி விரலை வதைத்ததாக வீக் பிற்காலத்தில் கோபத்தோடு எழுதினார். சத்தமே வராத, பயிற்சிக்கான ஊமைக் கீபோர்டுதான் காரணம் என்பது கிளாரா பின்னாளில் சொன்னது.

எப்படியோ, வலது கை நடுவிரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. வைத்தியம் என்ற பெயரில் நடந்தவை இன்னும் பாவம். புதிதாக வெட்டிய விலங்கின் வயிற்றுக்குள் கையை வைத்திருக்கச் சொன்னார்கள். மின்சார சிகிச்சை, ஹோமியோபதி என்று எதையும் விடவில்லை. எதுவும் பலிக்கவில்லை. 1832 முடிவதற்குள் மேடைக் கனவு முடிந்தது. அப்போது வயது 22.

இது ஃபோக்கல் டிஸ்டோனியாவாக இருக்கலாம் என்று இன்றைய மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். நுணுக்கமான ஒரே அசைவை அளவுக்கு மீறித் திரும்பத் திரும்பச் செய்யும்போது, விரல்களைத் தனித்தனியாக இயக்கும் மூளையின் கட்டுப்பாடு குழம்பிவிடும். வலி இருக்காது. வாசிக்கும்போது மட்டும் விரல் தானாக மடங்கும் அல்லது விறைக்கும். இன்னும் அழுத்திப் பயிற்சி செய்தால் மோசமாகும். வேறு விளக்கங்களும் உண்டு, இறுதி முடிவு கிடையாது.

விரல் போனாலும் இசை போகவில்லை. ஷோபனின் அதே வேரியேஷன்ஸைப் பாராட்டி 1831 டிசம்பரில் ஷூமன் எழுதிய கட்டுரைதான் பல ஜெர்மன் வாசகர்களுக்கு ஷோபனை அறிமுகப்படுத்தியது. 1834-ல் சொந்தமாக இசை இதழ் தொடங்கினார். பியானோவுக்காக எழுதிக் குவித்தார். வீக்கின் கடும் எதிர்ப்பை மீறி, கோர்ட் வரை போய், 1840 செப்டம்பர் 12-ல் கிளாராவை மணந்தார். ஆனால் அந்த வீட்டிலும் பயிற்சி ஒரு பிரச்சினைதான். அவர் இசையமைக்கும்போது இவர் வாசித்தால் இடைஞ்சல். எனவே பயிற்சியை விட்டுக்கொடுத்தவர் பெரும்பாலும் கிளாரா. அந்த வருத்தம் தம்பதியின் டைரியில் பதிவாகியிருக்கிறது.

1848-ல் மூத்த மகள் மாரியின் 7-வது பிறந்தநாளுக்காக ஷூமன் சின்னச் சின்ன பியானோ துண்டுகள் எழுதத் தொடங்கினார். அதுதான் 43 துண்டுகள் கொண்ட 'இளையோர் ஆல்பம்'. இன்றும் பியானோ வகுப்புகளில் வாசிக்கப்படுகிறது. கூடவே இளம் இசைக்கலைஞர்களுக்காக அவர் தொகுத்த அறிவுரைகள் 1850-ல் வெளிவந்தன.

அவற்றைப் படித்தால் 20 வயது ஷூமனைப் பார்த்து 40 வயது ஷூமன் பேசுவது போலவே இருக்கும். முதல் இடம் விரலுக்கு அல்ல, காதுக்கு. கோயில் மணி, ஜன்னல் கண்ணாடி, குயில் எது ஒலித்தாலும் அது என்ன சுரம் என்று கவனிக்கச் சொல்கிறார். ஸ்கேல் பயிற்சி வேண்டும்தான். ஆனால் அதையே தினம் மணிக்கணக்கில் செய்வது, அகர வரிசையை நாளுக்கு நாள் வேகமாக ஒப்பிப்பது மாதிரி என்று கிண்டலடிக்கிறார். ஊமைக் கீபோர்டை விடவே இல்லை. வாய் பேசாதவரிடம் பேச்சு கற்க முடியாது என்று ஒரே போடாகப் போடுகிறார். கஷ்டமானதை அரைகுறையாக வாசிப்பதைவிட எளியதை அழகாக வாசிக்க வேண்டும். களைத்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும். தனியாக இருந்தாலும் ஒரு மேதை கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்து வாசிக்க வேண்டும். பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க வேண்டும், கோரஸில் பாட வேண்டும். அந்தக் காலத்தில் பிடிக்காமல் தள்ளிப்போட்ட கோட்பாட்டுப் படிப்புக்குக்கூட இடம் உண்டு.

அதன் பிறகு அவருக்கு அதிக காலம் இருக்கவில்லை. மனநலம் குலைந்து 1854 பிப்ரவரியில் ரைன் நதியில் குதித்தார். மீட்கப்பட்டு, பான் நகருக்கு அருகே எண்டனிஷ் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, 1856 ஜூலை 29-ல் அங்கேயே இறந்தார். வயது 46.

குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு கிளாராவின் தலையில் விழுந்தது. கச்சேரிகள்தான் வருமானம், அந்தக் கச்சேரிகளில் கணவரின் படைப்புகளையும் எடுத்துச் சென்றார். 1878 முதல் ஃபிராங்ஃபர்ட் இசைப்பள்ளியில் கற்பித்தார். 9 வயதில் மேடை ஏறிய அவர் கடைசியாகப் பொதுமேடையில் வாசித்தது 1891-ல், 71 வயதில்.