ரேஞ்ச் பதற்றமா? 1888-லேயே அதை அனுபவித்தவர் பெர்த்தா பென்ஸ்

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை. காரில் குடும்பத்தோடு கோலாலம்பூருக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். திரையில் பாட்டரி 18 விழுக்காடு. அடுத்த ஓய்வுத்தலத்தில் சார்ஜர் இருக்கு என்று செயலி சொல்கிறது. போய்ப் பார்த்தால் ஒன்று வேலை செய்யவில்லை. இன்னொன்றில் வேறு யாரோ காரைச் செருகிவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போய்விட்டார். ஏர்கானை அணைக்கலாமா, 90-லேயே ஓட்டலாமா, பின்னால் உட்கார்ந்திருக்கும் மாமியாரிடம் எப்படிச் சொல்வது? மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

இதைத்தான் ரேஞ்ச் பதற்றம் என்கிறார்கள். போய்ச் சேர்வதற்குள் வண்டியில் சக்தி தீர்ந்துவிடுமோ என்கிற பயம். மின்சாரக் கார் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வியும் இதுதான்.

ஆனால் இந்தப் பதற்றம் மின்சாரக் காரோடு பிறந்ததல்ல. உலகின் முதல் நெடுந்தூர கார் பயணமே இப்படித்தான் நடந்தது. ஓட்டியவர் பெர்த்தா பென்ஸ். அவர் புறப்பட்டபோது உலகில் ஒரு பெட்ரோல் நிலையம்கூட இல்லை.

யார் இந்தப் பெர்த்தா?

1849 மே 3. ஜெர்மனியின் தென்மேற்கில், பாடன் பகுதியில் உள்ள ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தச்சு வேலையிலிருந்து கட்டுமானத் தொழிலுக்கு வந்து வசதியானவர். பெர்த்தாவுக்குப் பத்து வயது இருக்கும்போது, குடும்ப பைபிளில் தன் பிறப்பைப் பற்றி அப்பா எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்ததாகச் சொல்வார்கள். மறுபடியும் பெண்ணாகப் போய்விட்டதே என்று வருத்தப்படும் ஒரு வரி. நம் பாட்டிமார் கதைகளில் கேட்ட மாதிரியே இருக்கு, இல்லையா?

இயந்திரங்கள் மீது அவருக்கு ஆர்வம் உண்டு. ஆனால் அந்தக் காலத்து ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் பெண்களை மாணவர்களாகச் சேர்க்கவில்லை. கார்ல் பென்ஸ் என்ற ஏழைப் பொறியாளரைச் சந்தித்தார். குதிரை இல்லாமல் ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது கார்லின் கனவு. கையில் காசு இல்லை. 1871-ல் மன்ஹைமில் கூட்டாளி ஒருவரோடு பட்டறை தொடங்கினார், அந்தக் கூட்டாளியோடு ஒத்துப்போகவில்லை. பெர்த்தா என்ன செய்தார் தெரியுமா? தன் சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கி, கூட்டாளியின் பங்கை விலைக்கு வாங்க கார்லிடம் கொடுத்துவிட்டார். 1872 ஜூலையில் திருமணம்.

இன்றைய மொழியில் சொன்னால் பெர்த்தாதான் அந்த நிறுவனத்தின் முதல் முதலீட்டாளர். ஆனால் திருமணமான பெண்ணுக்கு அன்றைய சட்டத்தில் சொத்து உரிமையும் காப்புரிமை உரிமையும் இல்லாத மாதிரிதான். பணம் அவருடையது. ஆவணங்களில் பெயர் கணவருடையது.

அடுத்த பத்தாண்டும் கஷ்டம்தான். கடன் தொல்லை, பட்டறைக்கு ஜப்தி அபாயம், அடுத்தடுத்து பிள்ளைகள். 1879-ன் கடைசி நாள் இரவு, இயந்திரத்தை இன்னொரு முறை முடுக்கிப் பார்ப்போம் என்று கார்லைப் பட்டறைக்கு அழைத்துப் போனவர் பெர்த்தா. அன்று இரவுதான் அந்த இரண்டு-வீச்சு இயந்திரம் ஒழுங்காக ஓடியது.

1886 ஜனவரி 29-ல் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் கார்ல் காப்புரிமை பெற விண்ணப்பித்தார். அதைத்தான் இன்று காரின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

கார் இருக்கு, வாங்க ஆள் இல்லை

பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் யாரும் வாங்கவில்லை. ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்டினால் சிலர் வேடிக்கை பார்த்தார்கள், சிலர் சிரித்தார்கள். நடுவழியில் நின்றால் என்ன செய்வது? எரிபொருள் எங்கே கிடைக்கும்? யார் பழுது பார்ப்பார்கள்? நியாயமான கேள்விகள்தான். 2020-களில் மின்சாரக் காரைப் பார்த்து நாம் கேட்கிற அதே கேள்விகள்.

கார்ல் மிகவும் கவனமானவர். இன்னும் கொஞ்சம் மேம்படுத்த வேண்டும் என்று பட்டறையிலேயே இருந்தார். இது இப்படியே போனால் வண்டி விற்காது என்று பெர்த்தாவுக்குத் தோன்றியது.

1888 ஆகஸ்ட். பள்ளி விடுமுறை. ஒரு நாள் விடியற்காலை, கார்ல் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, 15 வயது ஓய்கனையும் 13 வயது ரிச்சர்டையும் அழைத்துக்கொண்டு பெர்த்தா காரை எடுத்தார். அம்மாவைப் பார்க்க ஃபோர்ட்ஸ்ஹைம் போகிறோம் என்பதுதான் சாக்கு. கார்லிடம் நேரில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டார்.

மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம், அவர் போன வழியில் சுமார் 105 கிலோமீட்டர். துவாஸிலிருந்து சாங்கி வரை போய்த் திரும்பி வரும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கார்கள் சில கிலோமீட்டர் சோதனை ஓட்டம்தான் ஓடியிருந்தன.

4.5 லிட்டர்தான்

இங்கேதான் ரேஞ்ச் கணக்கு வருகிறது. அந்த வண்டியில் சுமார் 4.5 லிட்டர் எரிபொருள்தான் நிற்கும். 100 கிலோமீட்டருக்குச் சுமார் 10 லிட்டர் குடிக்கும். ஆக, முழுக்க நிரப்பினாலும் 45 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் வரும். பாதி வழி கூட இல்லை. பெர்த்தாவுக்கு இது தெரியும். தெரிந்துதான் கிளம்பினார்.

அந்த வண்டி ஓடியது லிக்ரோயின் என்ற பெட்ரோலியத் திரவத்தில். துணிக்கறை எடுக்க அதை மருந்துக்கடைகளில் சின்னச் சின்னப் புட்டிகளில் விற்பார்கள். ஹைடல்பெர்க்கைத் தாண்டி வீஸ்லோக் என்ற ஊர் வந்ததும், பெர்த்தா ஊர் மருந்துக்கடைக்குப் போய் இருந்த லிக்ரோயினை வாங்கி வண்டியில் ஊற்றினார். கறை எடுக்க இவ்வளவு எதற்கு என்று கடைக்காரர் குழம்பியிருப்பார். அந்த மருந்துக்கடைதான் இன்று உலகின் முதல் பெட்ரோல் நிலையம் என்று அழைக்கப்படுகிறது.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். காருக்காக யாரும் நிலையம் கட்டவில்லை. வேறு காரணத்துக்காக ஏற்கனவே ஊருக்கு ஊர் இருந்த கடையைப் பெர்த்தா பயன்படுத்திக்கொண்டார். மின்சாரத்துக்கும் ஒரு வகையில் இதே வசதி உண்டு. மின்சாரம் இல்லாத ஊர் ஏது? ஆனால் புட்டியிலிருந்து ஊற்ற சில நிமிடம் போதும். 60 கிலோவாட்-மணி பாட்டரியை 7.4 கிலோவாட் சார்ஜரில் நிரப்ப எட்டு மணி நேரம் ஆகும். வேகமான டிசி சார்ஜர் என்றால் அரை மணி, ஒரு மணி. அதுவும் 80 விழுக்காட்டைத் தாண்டினால் வேகம் குறைந்துவிடும். அதனால்தான் பொது இடத்தில் 100 வரை நிரப்பிக்கொண்டு நிற்பவரைப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முறைக்கிறார்கள்.

தண்ணீர், ஊசி, காலுறைப் பட்டை

எரிபொருள் மட்டும் பிரச்சினையாக இருந்திருந்தால் பரவாயில்லை. இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்தது. கிணறு, சத்திரம், ஓடை என்று கிடைத்த இடத்தில் எல்லாம் நிறுத்தி ஊற்ற வேண்டியிருந்தது. உண்மையில் அன்று அவரை அதிகம் நிற்கவைத்தது தண்ணீர்தான்.

எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த நீண்ட ஊசியை எடுத்துக் குத்திச் சுத்தம் செய்தார். தீப்பொறிக் கம்பியின் உறை தேய்ந்தபோது, காலுறையை இறுக்கிப் பிடிக்கும் பட்டையைக் கழற்றிச் சுற்றினார். சங்கிலி நீண்டுபோனது, புரூக்சாலில் ஒரு கொல்லர் சரிசெய்தார். ஏற்றம் வந்தால் வண்டி முக்கும். பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்தன. பௌஷ்லோட் என்ற ஊரில் செருப்புத் தைப்பவரைப் பிடித்து, கட்டைகளின் மேல் தோல் அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங்கின் தொடக்கம் அதுதான் என்பார்கள்.

மாலை மங்கும் நேரத்தில் ஃபோர்ட்ஸ்ஹைம் வந்து சேர்ந்தார்கள். வந்துவிட்டோம் என்று கார்லுக்குத் தந்தி போனது. சில நாள் கழித்து அதே காரில் வேறு வழியாகத் திரும்பி வந்தார்கள்.

திரும்பியதும் பெர்த்தா கணவருக்குப் பட்டியலே கொடுத்தார் என்று சொல்லலாம். ஏற்றத்துக்கு இன்னொரு கியர் வேண்டும், பிரேக் நன்றாக இருக்க வேண்டும். கார்ல் மாற்றங்களைச் செய்தார். அதே ஆண்டு மியூனிக் கண்காட்சியில் வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பயணம் ஊரெல்லாம் பேச்சாகியிருந்தது. 1890-களின் முடிவில் பென்ஸ் நிறுவனம் உலகின் மிகப் பெரிய கார் தயாரிப்பாளர்.

ஒரு சின்னத் தகவல். அதே 1888-ல் ஆண்ட்ரேயாஸ் ஃப்ளோக்கன் என்ற இன்னொரு ஜெர்மானியர் மின்சாரத்தில் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். இரண்டும் ஒரே வயது.

இன்றைய கணக்கு

60 கிலோவாட்-மணி பாட்டரி, நெடுஞ்சாலை வேகத்தில் ஏர்கானோடு 100 கிலோமீட்டருக்குச் சுமார் 17 கிலோவாட்-மணி செலவழித்தால், கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர் வரும். சிங்கப்பூர்-கோலாலம்பூர் தூரமும் கிட்டத்தட்ட அதேதான்! அதனால்தான் வழியில் ஒரு முறையாவது நிறுத்தாமல் போக மனம் துணியாது. சிங்கப்பூருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு ஒரு முறை நிரப்பினால் சில நாட்களுக்குப் போதும். அவருடைய கவலை தூரம் இல்லை, வீட்டுக்குக் கீழே சார்ஜர் கிடைக்குமா என்பதுதான். தரைவீடு இருப்பவர் இரவு செருகிவிட்டுத் தூங்கலாம். வீவக வீட்டில் இருப்பவர் கார் நிறுத்துமிடத்தில் இருக்கும் சில சார்ஜர்களை அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்.

சிங்கப்பூர் 2030-க்குள் 60,000 மின்னூட்டு முனைகளை இலக்காக வைத்திருக்கிறது. அதில் 40,000 பொது இடங்களில். மலேசியா 2025-க்குள் 10,000 பொது மின்னூட்டு முனைகள் என்று இலக்கு வைத்தது. ஆனால் எண்ணிக்கை மட்டும் பயத்தைப் போக்காது. போன வருஷம் மலாக்கா போகும் வழியில் நான் நின்ற இடத்தில் முனைகள் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு செயலி. பதிவிறக்கி, பதிவுசெய்து, கடன் அட்டை எண் போடுவதற்குள் கைபேசி சார்ஜ் தீர்ந்துவிட்டது. வீஸ்லோக் மருந்துக்கடையில் பெர்த்தா காசைக் கொடுத்தார், புட்டியை வாங்கினார், அவ்வளவுதான்.

கடைசி நாட்கள்

1903-ல் கார்ல் நிறுவன நிர்வாகத்திலிருந்து விலகினார். பிறகு குடும்பம் லாடன்பர்க் என்ற சிற்றூரில் குடியேறி, பிள்ளைகளோடு வேறொரு நிறுவனம் நடத்தியது. 1926-ல் பென்ஸ் நிறுவனம் டைம்லரோடு இணைந்தது. 1929-ல் கார்ல் காலமானார். தான் தோற்றுப்போன நாட்களில் கூடவே இருந்தவர் பெர்த்தா மட்டும்தான் என்று கார்ல் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவிட்டுப் போனார். ஆவணங்களில் விட்டுப்போனதை அங்கேயாவது எழுதினாரே.

பெர்த்தா அதே வீட்டில் இன்னும் 15 ஆண்டுகள் வாழ்ந்தார். 1944 மே 3, அவருடைய 95-வது பிறந்தநாளில், கார்ல் படித்த கார்ல்ஸ்ரூஹ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ செனட்டர் பட்டம் கொடுத்தது. இளம் வயதில் அவரைச் சேர்த்திருக்க முடியாத அதே கல்விக்கூடம். இரண்டு நாள் கழித்து, மே 5-ல், அவர் காலமானார்.

2008-லிருந்து மன்ஹைமுக்கும் ஃபோர்ட்ஸ்ஹைமுக்கும் இடையே அவர் பெயரில் ஒரு நினைவுப் பாதை இருக்கிறது. போய்த் திரும்ப 194 கிலோமீட்டர். வழியில் வீஸ்லோக்கில் அந்த மருந்துக்கடையின் முன்னால் நினைவுச் சின்னம் ஒன்றும் உண்டு. இன்று கடைகளில் கிடைக்கும் மின்சாரக் கார்களில் பெரும்பாலானவை அந்தப் பாதை முழுவதையும் ஒரே சார்ஜில் சுற்றி வந்துவிடும்.