அலைகளை வென்ற ஆம்ஸ்ட்ராங்

காவிரிக்கரை வீடுகளில் திருச்சி வானொலி ஒலித்தது. பாட்டையும் பயிர்ச் செய்தியையும் கேட்டு மகிழ்ந்தோர் பலர். அந்த வானொலிப் பெட்டியின் உயிர்நாடியைக் கண்டறிந்தவரை அறிந்தோர் சிலரே. அவர்தாம் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங்.

1890 டிசம்பர் 18-இல் நியூயார்க்கில் பிறந்த இவரை இளமையிலேயே வானொலிப் பித்துப் பற்றிக்கொண்டது. யாங்கர்ஸில் தம் வீட்டருகே 125 அடி உயரக் கம்பம் நட்டு, தொலைதூரச் செய்திகளுக்குச் செவி சாய்த்தார். கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே, 1912-இல், பின்னூட்டச் சுற்றைக் கண்டார். ஆனால் 1934-இல் உச்ச நீதிமன்றம் அவ்வுரிமையை லீ டி ஃபாரஸ்டுக்கு வழங்கியது.

முதல் உலகப்போரின்போது பாரிசில் பணியாற்றிய ஆம்ஸ்ட்ராங், 1918-இல் சூப்பர்ஹெட்ரோடைன் முறையை உருவாக்கினார். உயர் அதிர்வெண் அலைகளை அக்கால வால்வுகளால் நன்கு பெருக்க இயலவில்லை. எனவே, வரும் அலையோடு பெட்டிக்குள்ளேயே பிறக்கும் வேறோர் அலையைக் கலந்தார். இரண்டின் வித்தியாசமாகக் குறைந்த அதிர்வெண் கிடைத்தது. அதைப் பெருக்குவது எளிதாயிற்று. திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸுடன் 1391 கலந்தால் வித்தியாசம் 455. வேறு நிலையத்துக்குத் திருப்பினால் உள்ளலையும் உடன் மாறும். 455 மட்டும் மாறாது. அமெச்சூர் வானொலியார் ஒரு பட்டையில் வருவதை மற்றொரு பட்டைக்கு மாற்றிக் கேட்கும் கன்வர்ட்டருக்கும் இதுவே அடிப்படை.

1921 டிசம்பரில் ஆம்ஸ்ட்ராங்கும் நண்பர்களும் கனெக்டிகட்டில் அமைத்த அமெச்சூர் நிலையத்தின் செய்தி, அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்காட்லாந்தை எட்டியது. அங்கே பால் காட்லி அதைக் கேட்டதும் சூப்பர்ஹெட்ரோடைன் கருவியில்தான்!

1933-இல் இரைச்சலைக் களையும் அதிர்வெண் பண்பேற்றத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுவே எஃப்.எம். 1945-இல் அமெரிக்க அரசு ஆணையம் எஃப்.எம். ஒலிபரப்பை 42-50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 88-108-க்கு மாற்ற, மக்களிடமிருந்த பெட்டிகள் பயனற்றுப் போயின. 1948-இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் மீது அவர் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. பொருள் கரைந்தது, உள்ளம் உடைந்தது. 1954-இல், 63-ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவர் துணைவியார் மேரியன் வழக்குகளை விடாது நடத்தினார். 1967-இல் இறுதி வழக்கும் வெற்றி கண்டது. 1977 ஜூலை 23-இல் சென்னையில் எஃப்.எம். ஒலித்தது.

மாணவத் தோழர்களே! அறிவு கண்டதை உலகம் ஏற்கக் காலம் ஆகலாம். அதுவரை, கண்டவரைத் தனியே தவிக்க விடாதிருப்பது சமுதாயத்தின் கடன் அன்றோ?