செட்டிநாட்டரசர் அண்ணாமலையார்

கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகம் கண்டவர் என்றே அண்ணாமலையாரை நாடறியும். அவரை உருவாக்கிய தொழிலுலகமோ கடலுக்கு அப்பால் விரிந்திருந்தது.

1881 செப்டம்பர் 30-இல் கானாடுகாத்தானில் நகரத்தார் குடும்பமொன்றில் பிறந்தார். பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் நகரத்தார் லேவாதேவித் தொழில் நடத்தினர். கடைகள் தனித்தனியே இயங்கினும் தொழிலுக்குப் பொது ஒழுங்கு இருந்தது. இரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை வகுத்தனர். தமக்குள் ஒழுங்கு காண அக்கூட்டம் போதும். அரசிடம் வழக்குரைக்கப் போதாது.

ஐரோப்பிய வணிகர்கள் 1836-இலேயே சென்னையில் தமக்கெனச் சங்கம் அமைத்துவிட்டனர். இந்திய வணிகர்களின் தென்னிந்திய வர்த்தக சங்கம் தோன்றியது 1909-இல்தான். அதற்குமுன், 1906-இல் ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்து பலர் சேமிப்பை இழந்தனர். அதன் விளைவாக 1907-இல் எழுந்த இந்தியன் வங்கியின் நிறுவனர்களுள் அண்ணாமலையாரின் தமையனார் இராமசாமி செட்டியாரும் ஒருவர். அண்ணாமலையார் இம்பீரியல் வங்கியின் ஆளுநர்களுள் ஒருவராகவும் தில்லி மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். இரங்கூனில் செட்டிநாடு வங்கியையும் நிறுவினார்.

1929-இல் பர்மாவில் வங்கித்தொழில் விசாரணைக் குழு அமைந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார் சங்கம் அதன்முன் தொழிலின் நடைமுறைகளை விளக்கியது. கணக்கை வெளியார்க்குக் காட்டாத மரபினர்க்கு இஃது எளிய செயலன்று.

அடுத்த ஆண்டே நெல்விலை சரிந்தது. கடனைத் தீர்க்க இயலாத உழவர்களின் நிலங்கள் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தன. பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்தம் நிலவுடைமை 1938-இல் 25 பங்காயிற்று. கொடுத்த பணமே அவர்க்கு வேண்டியிருந்தது. உழுதொழில் அவர்தம் தொழிலன்று. எனினும் நிலமிழந்த பர்மிய உழவனின் துயரும் மெய்யே. எத்துணைச் சங்கம் இருப்பினும் அத்துயர்க்கு விடைகூறல் அரிது.

அண்ணாமலையார் ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதி சிதம்பரம் வந்தது. 1920-இல் மீனாட்சி கல்லூரி தொடங்கினார். 1929-இல் அதுவே அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதற்கென 20 இலட்சம் ரூபாய் வழங்கினார். 1943-இல் தமிழிசைச் சங்கமும் கண்டார்.

1948 ஜூன் 15-இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில் விடுதலை பெற்ற பர்மா, நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டத்தை இயற்றியது.