தேர்வில் தோற்றவர் மலையைத் தாண்டினார்!



இந்தப் படிப்பு உனக்கு வராது என்று யாராவது உங்களிடம் சொன்னதுண்டா? அதைக் கேட்டு மனம் சோர்ந்து போனதுண்டா? அப்படியானால் இந்த வாரம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர் கிளாடிஸ் அயில்வர்டு. உனக்குச் சீன மொழி வராது என்று இவரைத் திருப்பி அனுப்பினார்கள். அதே சீன மொழியில் பேசிப் பேசித்தான், பின்னாளில் ஏறத்தாழ நூறு குழந்தைகளை இவர் போரிலிருந்து காப்பாற்றினார்.

கிளாடிஸ் 1902-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி லண்டன் மாநகரின் வடபகுதியான எட்மன்டனில் பிறந்தார். அப்பா தபால்காரர். எளிய குடும்பம். கிளாடிஸ் படிப்பில் கெட்டிக்காரர் இல்லை. 14 வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போய்விட்டார். பிறகு, பணக்காரர்கள் வீட்டில் பணிப்பெண் ஆனார்.

சிறுமியாக இருந்தபோது அவருக்கு இரண்டு மனக்குறைகள். மற்ற பெண்களுக்குப் பொன்னிறக் கூந்தல் இருக்க, தனக்கு மட்டும் கறுப்பு முடியாக இருக்கிறதே என்பது ஒன்று. தோழிகள் எல்லாரும் வளர, தான் மட்டும் குள்ளமாகவே நின்றுவிட்டோமே என்பது மற்றொன்று. வளர்ந்த பிறகும் அவர் உயரம் ஐந்தடிக்குக் குறைவுதான்!

சீனாவில் ஏழை மக்களிடையே கிறிஸ்தவத் தொண்டு செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக ஆட்களை அனுப்பும் அமைப்பின் பயிற்சியில் சேர்ந்தார். மூன்று மாதங்கள் கழிந்தன. பாடங்களில் முன்னேற்றம் போதவில்லை. வயதும் முப்பதை நெருங்குகிறது, இனிமேல் சீன மொழி படிக்க இவரால் முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

கிளாடிஸ் என்ன செய்தார் தெரியுமா? மறுபடியும் வீட்டு வேலைக்குப் போனார். சீனாவுக்குக் கப்பலில் போகக் கையில் காசு இல்லை. ரயிலில் போனால் ஏறத்தாழ பாதிச் செலவுதான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பயணச்சீட்டு அலுவலகத்தில் சிறுகச் சிறுகக் கட்டி வந்தார். கடைசியில் ஒருவழியாகச் சீட்டு கைக்கு வந்தது!

1930-களின் தொடக்கத்தில் ஒரு நாள், பெட்டி, படுக்கை, சமைக்க ஒரு சட்டி, ஒரு கெண்டி ஆகியவற்றுடன் ரயில் ஏறினார். ஐரோப்பாவைக் கடந்து, ரஷ்யாவின் சைபீரியாவுக்குள் நுழைந்தது ரயில். அங்கே எல்லைப் பகுதியில் சண்டை! ரயில் அதற்கு மேல் போகவில்லை. கொட்டும் பனியில், தண்டவாளத்தின் ஓரமாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன்னந்தனியாகத் திரும்பி நடந்தார். பிறகு ஜப்பானுக்குக் கப்பல் ஏறி, அங்கிருந்து சீனா சேர்ந்தார்.

வடசீனாவின் ஷான்சி மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே யாங்செங் என்ற சிற்றூர். அங்கே ஜீனி லாசன் என்ற எழுபது வயது கடந்த ஸ்காட்லாந்துப் பாட்டி தொண்டு செய்துவந்தார். அவருக்குத் துணையாகத்தான் கிளாடிஸ் வந்திருந்தார். சுற்றிலும் பார்த்தார். எங்கும் கறுப்பு முடி, அதிக உயரமில்லாத மனிதர்கள். சிறுவயதுக் குறைகள் இரண்டும் அங்கேயே பறந்துபோயின!

ஆனால், ஊர் மக்கள் வெளிநாட்டுக்காரர்களிடம் நெருங்கப் பயந்தார்கள். எனவே இருவரும் ஒரு சத்திரம் தொடங்கினார்கள். மலைப்பாதையில் கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றிச் செல்பவர்கள் இரவில் தங்குவதற்கான சத்திரம் அது. முதலில் யாரும் உள்ளே வரவில்லை. கிளாடிஸ் தெருவில் நின்று, முன்னால் வரும் கழுதையின் கடிவாளத்தைப் பிடித்து முற்றத்துக்குள் இழுத்துவிடுவார். ஒரு கழுதை நுழைந்தால் மற்றவையும் பின்னாலேயே வந்துவிடுமே! வந்தவர்களுக்குச் சூடான உணவும், பைபிள் கதைகளும் கிடைத்தன. கழுதைக்காரர்களோடும் சமையல்காரரோடும் பேசிப் பேசி, தனக்கு வராது என்று சொன்ன மொழியைக் கிளாடிஸ் கற்றுக்கொண்டார்.

கொஞ்ச காலத்தில் லாசன் பாட்டி இறந்துவிட்டார். கிளாடிஸ் தனியானார். அப்போது அவருக்கு ஒரு அரசாங்க வேலை வந்தது. அந்தக் காலச் சீனாவில் சிறுமிகளின் பாதங்களைத் துணியால் இறுகக் கட்டி, வளரவிடாமல் செய்யும் கொடிய வழக்கம் இருந்தது. குழந்தைகள் வலியால் துடிப்பார்கள். வாழ்நாள் முழுவதும் சரியாக நடக்கவும் முடியாது. அரசு அதைத் தடை செய்திருந்தது. வீடு வீடாகச் சென்று கட்டுகளை அவிழ்க்கச் சொல்ல, கட்டப்படாத பாதம் உள்ள ஒரு பெண் தேவை. அந்த வட்டாரத்தில் அப்படி இருந்தவர் கிளாடிஸ்தான்! ஊர் ஊராகப் போனார். மக்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே ஏற்றுக்கொண்டார்கள். 1936-இல் அவர் சீனக் குடிமகளாகவே ஆகிவிட்டார்.

ஒரு நாள் சாலையோரத்தில் ஒரு பெண், எலும்பும் தோலுமான ஒரு சிறுமியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தை விற்பனைக்கு! கிளாடிஸ் தன்னிடம் இருந்த சில்லறையைக் கொடுத்து அவளை மீட்டுவந்தார். கொடுத்த காசு ஆங்கிலக் கணக்கில் ஒன்பது பென்ஸ். அதுவே அவளுடைய செல்லப் பெயரானது.

அந்தச் சிறுமி என்ன செய்தாள் தெரியுமா? சில நாள் கழித்து, பசியோடு அலைந்த ஒரு சிறுவனைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். தான் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவதாகவும், மிச்சத்தை அவனுக்குக் கொடுக்கலாம் என்றும் சொன்னாள். அதனால் அந்தப் பையனுக்குக் குறைவு என்ற பொருளில் செல்லப் பெயர் வந்துவிட்டது. இப்படித்தான் ஒவ்வொருவராகப் பெற்றோர் இல்லாத பிள்ளைகள் அந்தச் சத்திரத்தை நிறைத்தார்கள்.

1938-இல் ஜப்பானிய விமானங்கள் யாங்செங் மீது குண்டு வீசின. போரில் பெற்றோரை இழந்த குழந்தைகள் மேலும் மேலும் வந்து சேர்ந்தார்கள். 1940-இல் அங்கே இருப்பதே ஆபத்து என்ற நிலை. தொலைவில் உள்ள சியான் நகரப் பகுதியில் அநாதைக் குழந்தைகளுக்கான இல்லங்கள் இருந்தன. ஆனால், இடையில் மலைகள். அதைத் தாண்டினால் மஞ்சள் ஆறு. சாலைகளில் எதிரிப் படைகள்.

ஏறத்தாழ நூறு பிள்ளைகளுடன் கிளாடிஸ் நடக்கத் தொடங்கினார். பெரிய பிள்ளைகளுக்கு உங்களைப்போல் பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும். மற்றவர்கள் எல்லாம் வாண்டுகள். உள்ளூர் அதிகாரி கொடுத்தனுப்பிய தினை சில நாளில் தீர்ந்துபோனது. துணிக் காலணிகள் கிழிந்தன. பாதங்களில் ரத்தம் கசிந்தது. ஓர் இரவு புத்தர் கோயிலில் தங்க இடம் கிடைத்தது. பல இரவுகள் திறந்தவெளியில்தான் தூக்கம். பெரிய பிள்ளைகள் சின்னவர்களைச் சுமந்தார்கள். களைப்புத் தெரியாமலிருக்கப் பாடிக்கொண்டே நடந்தார்கள்.

ஆற்றங்கரைக்கு வந்தால், ஒரு படகுகூட இல்லை! எதிரிகள் கையில் சிக்கக்கூடாது என்று எல்லாப் படகுகளையும் அப்புறப்படுத்தியிருந்தார்கள். நாள்கணக்கில் கரையிலேயே காத்திருந்தார்கள். பிள்ளைகள் பசியில் வாடினார்கள். கிளாடிஸும் நம்பிக்கை இழக்கத் தொடங்கினார். அப்போது அவரைத் தேற்றியவர்கள் அந்தப் பிள்ளைகளே. அவர்கள் பாடியதைக் கேட்டு, ரோந்து வந்த ஒரு சீன ராணுவ அதிகாரி படகு வரவழைத்தார். எல்லாரும் அக்கரை சேர்ந்தார்கள்.

பிறகு ரயில் பயணம். அதற்கு முன் ரயிலையே பார்த்திராத குழந்தைகள், இன்ஜின் சத்தத்தைக் கேட்டுச் சிதறி ஓடினார்களாம்! இன்னொரு ரயிலில் நிலக்கரிக் குவியல் மீது தூங்கி, காலையில் கரிய முகங்களோடு விழித்தார்களாம்.

கடைசியில் சியானுக்கு அருகிலிருந்த இல்லத்தில் பிள்ளைகள் பத்திரமாகச் சேர்க்கப்பட்டனர். அதன்பிறகே கிளாடிஸ் மயங்கி விழுந்தார். கடும் காய்ச்சலும் நிமோனியாவும் தாக்கியிருந்தன. பிழைப்பாரா என்றே மருத்துவர்கள் அஞ்சினார்கள். பிழைத்துவிட்டார். ஆனாலும், உடல் பழைய பலத்தைப் பெறவேயில்லை.

1949-இல் இங்கிலாந்து திரும்பினார். அவர் கதை உலகெங்கும் பரவியது. 1958-இல் ஹாலிவுட்டில் திரைப்படமும் வந்தது. குள்ளமான, கறுப்பு முடிக் கிளாடிஸாக நடித்தவர் யார் தெரியுமா? உயரமான இங்கிரிட் பெர்க்மன்! நடக்காத பலவற்றைப் படத்தில் சேர்த்துவிட்டார்களே என்று கிளாடிஸுக்கு மிகுந்த வருத்தம்.

ஆட்சி மாறியிருந்த சீனாவுக்குள் அவர் மறுபடி போக முடியவில்லை. எனவே தைவான் தீவுக்குச் சென்று, தைபே நகரில் குழந்தைகளுக்காக இல்லம் நடத்தினார். 1970-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி மறைந்தார். தைவானிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

செல்லங்களே, தேர்வு முக்கியம்தான். ஆனால், மூன்று மாதத்தில் ஒருவர் எவ்வளவு மனப்பாடம் செய்தார் என்பதைத்தான் கிளாடிஸின் தேர்வு அளந்தது. பனியில் தனியாக நடக்கும் துணிச்சலையும், பசித்த குழந்தையைத் தாண்டிப் போக முடியாத மனத்தையும் அது அளக்கவில்லை.

உங்கள் வகுப்பிலும் பாடம் வராமல் கடைசி பெஞ்சில் ஒருவர் இருப்பார். வேற்றூரிலிருந்து வந்து, நம் மொழி தெரியாமல் விழிப்பவரும் இருக்கலாம். நாளை மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அந்தச் சீனச் சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வீர்கள்தானே?